ஆறிய பின் அளக்கவும்

ஜூன் 3

மிளகின் அப்பாவுக்கு,

இனி போனில் பேச வேண்டாம். நீங்கள் கத்துகிறீர்கள், நானும் கத்துகிறேன், நடுவில் பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஓடக்கூடாது, பயப்படக்கூடாது, பெரியவர்கள் சண்டை காதில் விழக்கூடாது. முதல் இரண்டையும் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்னால் புரியவைக்க முடியவில்லை. மூன்றாவது நம் கையில் இருக்கிறது. எதுவானாலும் எழுதுங்கள். அவசரம் என்றால் என் அப்பாவின் போனுக்குக் கூப்பிடுங்கள்.

பள்ளிக்கூடப் படியில் விழுந்ததில் நெற்றியில் ஏழு தையல். தையல்காரி நான் போட்டிருந்தால் ஐந்தில் முடித்திருப்பேன், தழும்பும் தெரியாது. இப்போது கண்ணாடியில் பார்த்து, "அம்மா, இதைப் பிரிச்சுட்டுத் திரும்பத் தைச்சு விடேன்" என்கிறாள்.

நான் ஏன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தேன் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களாம். தெரியாத மாதிரி கேட்காதீர்கள். டாக்டர் நிற்கிறார், வகுப்பு டீச்சர் நிற்கிறார், பிள்ளை ரத்தத்தோடு கிடக்கிறாள். அந்த ஆஸ்பத்திரியில், அவள் நெஞ்சில் ஒட்டும் துடிப்புப் பட்டையைப் பற்றி நீங்கள் சொன்னது: "பட்டையில தப்பு வர வாய்ப்பே இல்லங்க, என் மேசையைத் தாண்டி வந்தது. இவ பவுடர் போட்டு ஒட்டியிருப்பா." டாக்டர் அதை எழுதிக்கொண்டார். மருத்துவ அட்டையில் இப்போது இருக்கிறது, 'தாய் பவுடர் இட்டதால் பட்டை சரியாக ஒட்டவில்லை' என்று. இங்கே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள். படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்கள்.

நான் பவுடர் போடவில்லை. அன்று என்ன, அந்தப் பட்டை வந்த நாளிலிருந்தே எங்கள் வீட்டில் பவுடர் டப்பா கிடையாது.

டீச்சர் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். "படியில ஏறும்போது அந்தப் பெட்டி சத்தமே போடலைங்க. பிள்ளை விழுந்து கிடந்தப்பதான் கூவுச்சு." துடிப்பு தப்பினால் முதலில் கூவ வேண்டும், கூவினால் உடனே படுக்கவைத்து நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்க வேண்டும், அதற்குத்தானே அது. விழுந்த பிறகு கூவ எனக்கு ஒரு பெட்டி எதற்கு? அந்த வேலையை நானே செய்வேன்.

புதுப் பட்டை அனுப்புங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

மிளகின் அம்மா

•

ஜூன் 7

மிளகின் அம்மாவுக்கு,

மூன்று பட்டைகள் இத்துடன் இருக்கின்றன. நானே பொறுக்கி எடுத்தவை. பழையதை எனக்கு அனுப்பி வை, துடைக்காதே, அப்படியே அனுப்பு.

நீ நினைப்பதுபோல் அது கடையில் வாங்கும் ரப்பர் துண்டு இல்லை. இழுத்தால் நீளும் மெல்லிய தாளில் வெள்ளி கலந்த மையால் கோடு அச்சிடுகிறோம். அடுப்பில் வைத்து இறுக்குகிறோம். அந்தக் கோடுதான் நெஞ்சுத் துடிப்பைத் தொட்டுப் பெட்டிக்குச் சொல்கிறது. ஒவ்வொரு தாளிலிருந்தும் ஒரு பட்டையை எடுத்து, எந்திரத்தில் மாட்டி ஆயிரம் முறை இழுத்து விடுகிறோம். அதற்குப் பிறகு என் மேசை. நான் அளந்து கையெழுத்துப் போடாமல் ஒரு பட்டை இந்தக் கட்டடத்தின் வாசலைத் தாண்டாது. பன்னிரண்டு வருடம். என் வேலையைப் பற்றி எனக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரியில் நான் சொன்னது உன்னைக் குத்துவதற்காக இல்லை. தோலில் பவுடரோ எண்ணெயோ இருந்தால் ஒட்டாது என்பது உள்ள விஷயம். எங்களுக்கு வரும் புகாரில் பாதி அதுதான். உன் அம்மா வீட்டுப் பழக்கம் எதையாவது நீ மறதியில் செய்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். மனிதன் பயத்தில் சொல்வதைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போவாயா?

ஜூலை 22 அறுவைச் சிகிச்சை உறுதி. கம்பெனிக் காப்பீட்டில் கையெழுத்தாகிவிட்டது. நெஞ்சுக்குள் சின்னக் கருவி வைத்துவிட்டால் பட்டையே வேண்டாம். அதுவரை பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். இதையும் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

மிளகுவிடம் சொல், அப்பா படுக்கையில் அவளுடைய துணிக் கரடிதான் இப்போது படுக்கிறது, குறட்டை விடுகிறது.

•

ஜூன் 12

மிளகின் அப்பாவுக்கு,

பழைய பட்டை இதில் இருக்கிறது. துடைக்கவில்லை. ஓரத்தில் இருக்கும் கறுப்பு, காய்ந்த ரத்தம். பவுடர் தெரிந்தால் எனக்கும் காட்டுங்கள்.

என் அம்மா வீட்டுப் பழக்கமா? அம்மா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அவரையும் இதில் இழுத்தீர்கள், நல்லது.

மிளகு இங்கே சமையலறையிலிருந்து முன்னறைக்கு வருவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே. முன்பெல்லாம் ஓடாதே ஓடாதே என்று பின்னால் ஓடுவேன். இப்போது கொஞ்சம் ஓடேன் என்று கெஞ்ச வேண்டும்போல் இருக்கிறது. நேற்றுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவை தூங்கிடாத, சரியா? நான் சொல்லிட்டுத்தான் ஏறுவேன்."

நான் துணி தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறியது தெரியவில்லை.

22 வரை நாற்பது நாள். நாற்பது நாள் கண்ணை மூடாமல் இருக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

•

ஜூன் 17

மிளகின் அம்மாவுக்கு,

பட்டை வந்தது. அன்றே அளந்தேன். இரண்டு மீட்டரில் மூன்று முறை. நல்ல பட்டை. புதிதாக வந்த நாளில் இருந்ததற்கும் இப்போதைக்கும் வித்தியாசமே இல்லை. எண்களைச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன், உன் அப்பாவிடம் காட்டு, அவருக்குப் புரியும்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுதவில்லை. ஆனால் உண்மை உண்மைதானே? கோட்டில் குற்றம் இல்லை என்றால் ஒட்டியதில்தான் குற்றம். பவுடர் இல்லை என்றால் வேர்வை. வேர்வை இல்லை என்றால் சோப்பு சரியாகப் போகாமல் இருந்திருக்கும். உன்னைக் குறை சொல்லவில்லை, காலையில் ஒருத்தியாகப் பிள்ளையைக் கிளப்புகிறாய், அவசரத்தில் எதுவும் நடக்கும்.

இனிமேல் ஒட்டுவதற்கு முன் வெந்நீர் துணியால் இரண்டு முறை துடை. காயவிடு. பிறகு ஒட்டு.

வீட்டுக்கு எப்போது வருகிறாய்? பால்காரர் கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். எத்தனை பேருக்குத்தான் நானும் தலையைச் சொறிவது?

•

ஜூன் 21

மிளகின் அப்பாவுக்கு,

சீட்டு கிடைத்தது. அழகான எண்கள். சட்டம் போட்டு மாட்டலாம்.

எங்கள் தையல் கடையில், கால்சட்டையின் பின்தையலை மேசையில் விரித்துப் பார்த்து "நல்லாருக்கு" என்று எவளாவது சொன்னால் முதலாளியம்மா கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு வருவார். மேசையில் எந்தத் தையல்தான் நன்றாக இல்லை? போட்டுக்கொண்டு குந்த வேண்டும். குந்தும்போது கேட்கும் சத்தம்தான் தையலின் லட்சணம்.

அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் பொறுக்கி எடுத்த மூன்று பட்டையில் ஒன்றை, வெந்நீரில் இரண்டு முறை துடைத்து, காயவிட்டு, என் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டேன். பெட்டியை மேசையில் வைத்தேன். பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. மேல் அலமாரியில் நூல் டப்பா இருக்கிறது. கையை உயர்த்தி எட்டினேன். கோடு படுத்துவிட்டது. பெட்டி வாயே திறக்கவில்லை. கையை உயர்த்தியபடியே நின்று எண்ணினேன், இருபத்தேழு வரை. கையை இறக்கிச் சும்மா உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி பச்சைக் கோடு மறுபடி துள்ளுகிறது. ஒன்பது முறை செய்தேன். ஏழு முறை படுத்தது. மிளகு இது ஏதோ விளையாட்டு என்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.

படி ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு விரியும், பட்டை இழுபடும். கீழே விழுந்து அசையாமல் கிடந்தால் பட்டையும் அசையாமல் கிடக்கும். அப்போதுதான் கூவியது. எனக்குப் படிப்பில்லை, ஆனால் துணி தெரியும்.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் அளக்கும்போது பட்டை இழுபட்டிருக்கிறதா, படுத்திருக்கிறதா?

•

ஜூன் 25

மிளகின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த உடனே உன் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டேன், சொல்லியிருப்பார். பட்டையை நம்பாதீர்கள். யாராவது ஒருவர் கை எப்போதும் பிள்ளையின் மணிக்கட்டில் இருக்கட்டும். குளிக்கும்போதும்.

படுத்திருக்கிறது. நான் அளக்கும்போது பட்டை படுத்திருக்கிறது.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எந்திரம் ஆயிரம் முறை இழுத்து முடித்ததும் அந்த நிலையிலேயே அளக்க வேண்டும், அதுதான் விதி. ஆனால் அப்போது மீட்டரின் எண் நிற்காது, ஆடும். எதை எழுதுவது? ஐந்தாறு வருடத்துக்கு முன் நான்தான் ஒரு வழி சொன்னேன். பட்டையைக் கழற்றித் தட்டில் பரப்பி, டீ குடித்துவிட்டு வந்து அளக்கலாம் என்று. எண் அப்படியே நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். 'ஆறப்போடு' என்பது எங்கள் சோதனைக் கூடத்தில் ஒரு வேலையின் பெயராகவே ஆகிவிட்டது. ஆறப்போட்டாச்சா, ஆறிடுச்சா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். என் மேசைக்கு மேலே 'ஆறிய பின் அளக்கவும்' என்று ஓர் அட்டை தொங்குகிறது. என் கையெழுத்து. சுற்றிப் பூ வேறு வரைந்திருக்கிறேன்.

நேற்றுத் தட்டில் பரப்பாமல் இழுத்த நிலையிலேயே அளந்தேன். பத்தில் எட்டுக்கு எண்ணே இல்லை. கோட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள். இழுத்தால் திறக்கின்றன, விட்டால் ஒட்டிக்கொள்கின்றன. போன வருடக் கடைசியிலிருந்து, ஆர்டர் கூடியதால், அடுப்பில் பன்னிரண்டு நிமிடம் இருக்க வேண்டிய தாள் எட்டு நிமிடத்தில் வெளியே வருகிறது. மை முழுதாக இறுகவில்லை. அதை முதல் நாளே பிடிக்க வேண்டிய இடம் என் மேசை. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

பெட்டி ஏன் வாய் திறக்கவில்லை என்றால், கோடு விட்டுப்போனால் பட்டை தளர்ந்திருக்கும் என்று நினைத்து அரை நிமிடம் காத்திருக்கும். வீணாகக் கூவி யாரையும் பயமுறுத்தக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். புகார்த் தாள்களும் என்னிடம்தான் வரும். திரும்பி வந்த பட்டையை அளப்பேன், நன்றாக இருக்கும், கீழே ஒரே வரி எழுதி மூடிவிடுவேன். 'தோலில் பவுடர் அல்லது எண்ணெய் இருந்திருக்கலாம்.' அன்று ஆஸ்பத்திரியில் என் வாயில் வந்ததும் அந்த வரிதான். உன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை நான். தாளை மூடிக்கொண்டிருந்தேன்.

மேலே சொல்லப் போகிறேன். சொன்னால் என்னை வைத்திருக்க மாட்டார்கள். நான் வேலையில் இல்லை என்றால் காப்பீடு இல்லை, 22ஆம் தேதி படுக்கை நமக்கு இல்லை. இருந்தாலும் இதை வைத்துக்கொண்டு எப்படி உட்காருவது? நீ என்ன சொல்கிறாய்?

•

ஜூன் 28

சொல்லாதீர்கள்.

22 முடியட்டும். கருவி உள்ளே போய், பிள்ளை கண் விழித்து, தண்ணீர் கேட்கட்டும். அன்று சாயங்காலமே நானும் உங்களோடு வந்து கூடத்தின் நடுவில் நின்று சொல்கிறேன்.

என்ன எழுதுகிறேன் என்று எனக்குத் தெரிகிறது. வெளியே எத்தனை பட்டை, எத்தனை நெஞ்சு என்றும் தெரிகிறது. தெரிந்துதான் எழுதுகிறேன். நல்லவளாக இருக்க எனக்கு இப்போது வசதி இல்லை. நேற்று மிளகு சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். அப்பாவின் விரல் மணிக்கட்டில் இருந்ததால் பிழைத்தாள். உதடு நீலமாக இருந்தது. நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இருபத்து நான்கு நாள். உங்கள் காலில் விழுகிறேன், வாயைத் திறக்காதீர்கள்.

•

ஜூலை 6

மிளகின் அம்மாவுக்கு,

நீ சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

அட்டையை மட்டும் கழற்றி மேசைக்குள் போட்டுவிட்டேன். 'மீட்டர் சரியில்லை' என்று ஒரு பொய் சொல்லி, இழுத்த நிலையிலேயே அளந்து, எண் வராததையெல்லாம் கழித்தேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் கூடத்துப் பொறுப்பாளர் வந்தார். "என்னய்யா, வீட்ல சண்டைன்னா அதைப் பட்டை மேலயா காட்டுவ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கழித்த தட்டுகளை வேறொருவரிடம் கொடுத்தார். அவர் ஆறப்போட்டு அளந்தார். எல்லாம் தேறிவிட்டது. வண்டி ஏறிப் போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மனிதனுக்குத் தான் செய்யும் வேலையைப் பார்க்கப் பயமாக இருக்குமா? இருக்கிறது.

நேற்று ஒரு புகார்த் தாள் வந்தது. ஒரு தாய். மகளுக்குப் பதினொரு வயது. மைதானத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள், பெட்டி கூவவில்லை. காரணம் எழுதும் இடத்தில் அந்த அம்மா எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: 'சென்ற முறையும் பவுடர் என்று எழுதி அனுப்பினீர்கள். நான் பவுடர் போடுவதில்லை. எங்கள் வீட்டில் பவுடர் இல்லை. தயவுசெய்து இன்னொரு முறை பார்க்கவும்.'

சென்ற முறை எழுதியது யார் என்று உனக்குத் தெரியும். இந்த முறை என்ன எழுதட்டும்? இரண்டு வாரத்தில் மூடியாக வேண்டும். தாளை மேசைக்குள் அட்டைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

•

ஜூலை 9

மிளகின் அப்பாவுக்கு,

ஏன் எனக்கு அதை எழுதினீர்கள்? உங்கள் நெஞ்சில் இருக்கும் கல்லைத் தூக்கி என் மேல் வைக்கவா?

நேற்று முழுக்க அந்தத் தாளைப் பற்றி நினைக்கக்கூடாது என்றே இருந்தேன். ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது பக்கமே வைத்துத் தைத்துவிட்டேன். முதலாளியம்மா தூக்கிக் காட்டி, "இது எந்த ஊர் ஆளுக்கு?" என்றார். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எங்கள் வீட்டில் பவுடர் இல்லை. அது என் வாக்கியம். நான் உங்களுக்கு எழுதியது. அந்த அம்மாவும் டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பாள், அட்டையில் எழுதியதைப் பார்த்திருப்பாள், எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்திருப்பாள்.

தாளை மூடாதீர்கள். மேலேயும் சொல்லாதீர்கள், பதின்மூன்று நாள்தான் இருக்கிறது. ஆனால் உங்களிடம் இருக்கும் புகார்த் தாள்களின் முகவரிகளை எல்லாம் எனக்கு அனுப்புங்கள். நான் பெயர் போடாமல் எழுதுகிறேன். பட்டையை நம்பாதீர்கள், மணிக்கட்டில் கை வையுங்கள் என்று. அவ்வளவுதான். அது யாருடைய வேலையையும் பறிக்காது.

சீக்கிரம் அனுப்புங்கள். எதற்குக் காத்திருந்தோம் இத்தனை நாள்?

•

ஜூலை 11

முப்பத்தொரு முகவரி. முதலில் இருப்பது அந்த அம்மா.

இரண்டு வாரத்துக்கு முன்பே இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

•

ஜூலை 13

எல்லாம் எழுதிவிட்டேன். அப்பா தபால்தலை ஒட்டினார், மிளகு நாக்கால் நனைத்துக் கொடுத்தாள், ஒரு கை என்னிடம், மறு கையில் தபால்தலை. "யாருக்கும்மா இவ்வளவு லெட்டர்?" என்றாள். உன்னை மாதிரிப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு என்றேன். "அவங்க அப்பாக்களும் போன்ல கத்துவாங்களா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். 21 காலையில் சேர வேண்டும். ஜன்னல் ஓரப் படுக்கை தருகிறார்களாம். இன்னும் எட்டு நாள். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

•

ஜூலை 18

மிளகின் அம்மாவுக்கு,

உன் கையெழுத்தை நேற்று என் மேசையில் பார்த்தேன்.

பொறுப்பாளர்தான் கொண்டுவந்து போட்டார். "யாரோ ஒருத்தன் நம்ம வாடிக்கையாளருக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். உள்ளே இருக்கிறவன்தான். உனக்குக் கையெழுத்து தெரியுதா பாரு" என்றார். நீ எழுதிய கடிதம். அதன் கீழேயே அந்த அம்மா எழுதிக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். நான்கு வரி. எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை, பார்க்காமலே எழுதுகிறேன்.

'உங்கள் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது. என் மகள் பதினான்காம் தேதி போய்விட்டாள். எழுதியவர் யாராக இருந்தாலும் நல்லா இருங்கள். நான் பவுடர் போடவில்லை என்று இப்போதாவது யாராவது எனக்கு எழுதித் தருவீர்களா? இவள் அப்பா என்னோடு பேசுவதில்லை.'

ஒரு நாள். ஜூன் இருபத்து நான்காம் தேதியே எனக்குத் தெரியும். நீ கெஞ்சினாய் என்று உன் தலையில் போட மாட்டேன். கெஞ்சியது நீ. கேட்டது நான். தட்டுகள் வண்டி ஏறியபோது பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான்.

ஐந்து நாள் இருந்தது. என்னால் முடியவில்லை. கண்ணுக்கு முன்னால் நம் பிள்ளை வந்தாள், ஜன்னல் ஓரப் படுக்கை வந்தது, எல்லாம் வந்தது. ஆனாலும் முடியவில்லை. மேசைக்குள்ளிருந்து அந்தப் புகார்த் தாளை எடுத்தேன். 'பவுடர் காரணம் இல்லை. தாய் மேல் எந்தத் தவறும் இல்லை. பட்டையில் குற்றம். ஆறப்போட்டு அளந்து தேற்றியவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதி அந்த அம்மாவுக்குத் தபாலில் போய்விட்டது. ஒன்று மேலே. ஒன்று, இந்தப் பட்டைகளுக்கு அனுமதி கொடுக்கும் அரசு அலுவலகத்துக்கு. நானே போய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். இன்று காலை அடுப்பை அணைத்துவிட்டார்கள். வெளியே இருக்கும் பட்டைகளைத் திரும்பக் கேட்டு அறிவிப்புப் போகிறது. என்னை வாசலில் நிறுத்தி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பொறுப்பாளர் முகத்தைப் பார்த்தால், அடுப்பின் எட்டு நிமிடம் அவருக்கும் ஞாபகம் வந்ததுபோல் இருந்தது.

காப்பீடு இன்றோடு முடிந்தது. ஆஸ்பத்திரியில் பேசினேன், கெஞ்சினேன், மேசையைக்கூடத் தட்டினேன். 22 இல்லை. பொதுப் பட்டியலில் பெயர் சேர்த்திருக்கிறார்கள். நான்கு மாதம் ஆகலாம், ஆறு மாதம் ஆகலாம் என்கிறார்கள்.

உன் பிள்ளையின் படுக்கையை நான் பறித்துவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

இத்துடன் இன்னொரு தாள் இருக்கிறது. மிளகின் மருத்துவ அட்டையில் ஒட்டுவதற்கு. டாக்டரைப் பார்த்தேன், டீச்சர் வீட்டுக்கும் போனேன். இருவர் முன்னாலும் உன் மேல் தவறில்லை, குற்றம் பட்டையில்தான் என்று வாயால் சொல்லிவிட்டு, அவர்களையும் அதில் கையெழுத்துப் போடச் சொன்னேன். முதலில் உனக்குத்தான் இதை எழுதியிருக்க வேண்டும். எழுதித் தரச் சொல்லிக் கேட்ட ஒருத்திக்கு எழுதிய பிறகுதான், கேட்காத உனக்கு எழுதுகிறேன்.

நான் வரலாமா?

•

ஜூலை 20

மிளகின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

உங்களை மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. நாளைக்குச் சேர்வதற்காக ஆஸ்பத்திரிக்கு ஒரு கவுன் தைத்து வைத்திருந்தேன். முன்பக்கம் திறக்கிற மாதிரி, பொத்தான் இல்லாமல், கட்டிக்கொள்ள நாடா. மிளகு மூன்று நாளாக அதைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள். நாளைக்குப் போகவில்லை என்று எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து அந்தக் கவுனையே மடித்து மடித்து வைக்கிறேன்.

உங்களைத் திட்ட வாயெடுத்தால் அந்த அம்மா வந்து முன்னால் நிற்கிறாள். ஜூன் இருபத்தெட்டாம் தேதி நான் சொல்லாதீர்கள் என்று எழுதினேன். அவள் மகள் அப்போது உயிரோடு இருந்தாள். பள்ளிக்கூடம் போயிருப்பாள். இனி என் ஆயுள் முழுக்க நான் எண்ண வேண்டிய கணக்கு அது. அதை உங்களால் வாங்கிக்கொள்ள முடியாது, வாங்கிக்கொள்வதாக எழுதாதீர்கள்.

அந்த அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. மொட்டைக் கடிதம் போட்டவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டால் அதையும் சொல்ல வேண்டும். அவள் கணவனிடம் நீங்கள் பேசுங்கள். பவுடர் இல்லை என்று உங்கள் வாயால் கேட்டால் நம்புவான், செய்தவர் நீங்கள்தானே.

அட்டையில் தாளை ஒட்டிவிட்டேன். பழைய வரி மறையவில்லை, மேலேயே ஒட்டியும் நிழல்போலத் தெரிகிறது. தெரியட்டும்.

நேற்று இரண்டு முறை சாய்ந்தாள். அப்பாவுக்கு விரல் மரத்துப்போகிறது, துடிப்பு தெரியவில்லை என்கிறார். கடையில் ஒரு மாத விடுப்புக் கேட்டிருக்கிறேன், அதற்கு மேல் தர மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருத்தி கை போதாது.

வாங்க. விடிகாலை முதல் மதியம் வரை நீங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் துடிப்பை எண்ணுங்கள், அப்பா மாலையில், மற்ற நேரமெல்லாம் நான். நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள், பிள்ளைக்குக் கீறும். கரடியையும் கொண்டு வாருங்கள்.

மிளகு பக்கத்தில்தான் இருக்கிறாள், இடது கையால் அவளைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "அப்பா வந்தா மறுபடி ரெண்டு பேரும் கத்துவீங்களா?" என்று கேட்கிறாள்.

"மாட்டோம்டி" என்றேன். "எண்ணிக்கிட்டு இருக்கும்போது கத்த முடியாது."